கோரையை ஒழித்த பிறகே புல்தரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கம் தீவில், வாழைத் தோட்டங்களாகவும் நெல் வயல்களாகவும் இருந்த நிலங்கள் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. வீடு கட்டி முடித்ததும் வாசல் பக்கம் ஒன்றிரண்டு சென்ட் இடத்தில் புல்தரை அமைக்கப் பலர் விரும்புகின்றனர். பள்ளிகளும் மண்டபங்களும்கூட இதில் ஆர்வம் காட்டுகின்றன. புல் நட்ட முதல் மாதத்தில் பசுமை கண்ணைக் கவரும். மூன்றாவது மாதத்தில் புல்லுக்கு மேலாகக் கோரை தலைநீட்டும். ஓராண்டிற்குள் எது புல், எது களை என்று பிரிக்க முடியாத நிலை ஏற்படும். பின்னர் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, மறுபடியும் பணம் செலவழித்துப் புதிதாக நடுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

இது புல்லின் குற்றமும் அன்று, தண்ணீரின் குற்றமும் அன்று. நடுவதற்கு முன் நிலத்திலுள்ள களையை ஒழிக்காததே காரணம்.

நட்ட பின் ஏன் முடியாது?

கத்தரித் தோட்டத்தில் களை வந்தால் செடிகளுக்கு இடையே கொத்திவிடலாம். நெல் வயலில் வரிசைக்கு நடுவே உருளைக் களைக்கருவியை ஓட்டலாம். புல்தரையில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. 10 செ.மீ. இடைவெளியில் புல் துண்டுகளை ஊன்றினால் ஒரு சென்ட் நிலத்திற்கு ஏறத்தாழ 4000 துண்டுகள் தேவைப்படும். அவை பின்னிப் படர்ந்த பிறகு கொத்தை வைக்கும் இடமெல்லாம் புல்லின் வேரே இருக்கும். களைக்கொல்லி தெளிக்கலாம் என்றால், களையைக் கொல்லும் மருந்து புல்லையும் தாக்கக்கூடும்.

ஆகவே புல்தரையைப் பொறுத்தவரை, களையெடுப்புக்கு உரிய காலம் நிலம் வெறுமையாக இருக்கும் காலமே. அந்த வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

எதிரிகளை அறிந்துகொள்க

வேலையைத் தொடங்குமுன் நிலத்தில் என்னென்ன களைகள் உள்ளன என்று பார்க்க வேண்டும். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விதையால் பரவும் ஓராண்டுக் களைகள். சாரணை, குப்பைக்கீரை, நாய்க்கடுகு, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, நெருஞ்சி, குதிரைவாலிக் களை, பார்த்தீனியம் ஆகியவை இவ்வகை. இவை ஒவ்வொன்றும் ஏராளமான விதைகளை உதிர்க்கும். 1950-களின் நடுவில் புனேயில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் நாடெங்கும் பரவியதற்கு, ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைத் தருவதுதான் காரணம். இதைப் பிடுங்கும்போது கையுறை அணிவது அவசியம். சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சு இரைப்பும் உண்டாகும்.

இரண்டாவது, தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் களைகள். அருகு, பொடுதலை, புளியாரை ஆகியவற்றை இதில் சேர்க்கலாம்.

மூன்றாவது, கிழங்கால் பரவும் கோரை. இதுவே எல்லாவற்றிலும் கொடியது.

1977-ல் லிராய் ஹோம் முதலிய விஞ்ஞானிகள், உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டனர். அதில் முதலிடம் கோரைக்கு. இரண்டாம் இடம் எதற்கு என்பது வியப்பளிக்கும். நம் புல்தரைகளில் ஆசையோடு நடும் அருகுக்குத்தான்! ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த வேரோட்டமே வயலில் அருகைக் களையாக்குகிறது, வாசலில் அழகாக்குகிறது. புல்தரைக்கு நாட்டு அருகையே நடுவோரும் நிலத்தில் முன்பே இருக்கும் முரட்டு அருகை எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் மெல்லிய இலையும் தடித்த இலையும் கலந்து தரை திட்டுத்திட்டாகத் தெரியும். கொரியன் புல் நடுவோருக்கோ அருகு முழுமையான களையே ஆகும்.

கோரையின் சூட்சுமம்

களைக் கோரையைப் பாய் முடையும் கோரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முசிறி, கரூர்ப் பகுதிகளில் காவிரிக் கரையில் பயிரிடப்படும் பாய்க் கோரை வேறு. களைக் கோரை குட்டையானது. அடியில் மணமுள்ள கருநிறக் கிழங்கு உடையது. நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கோரைக்கிழங்கு இதுதான்.

இந்தக் கிழங்குகள் மண்ணுக்குள் நூலில் கோத்த மணிகள்போல் ஒன்றையொன்று தொடர்ந்து இருக்கும். சங்கிலியின் நுனியிலுள்ள கிழங்கு முளைத்து வளரும்போது, மற்றவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். மேலே தெரியும் இலையைக் கையால் பிடுங்கினால் இலை மட்டும் வரும். கிழங்கு உள்ளேயே தங்கி மீண்டும் முளைக்கும். மண்வெட்டியால் கொத்தும்போது சங்கிலி அறுந்து, உறங்கிய கிழங்குகளும் விழித்துக்கொள்ளும். ‘ஒருமுறை கொத்தினேன், கோரை இரு மடங்காகிவிட்டது’ என்று பலர் சொல்வது இதனால்தான்.

ஆனால் இதே குணம் கோரையை வெல்லவும் உதவுகிறது. விழித்த கிழங்கு தன்னிடமுள்ள சேமிப்பைச் செலவழித்தே முளைக்க வேண்டும். முளைத்துச் சில வாரங்கள் ஆன பிறகே அது புதிய கிழங்கு கட்டும். அதற்குள் மறுபடியும் கொத்திவிட்டால் சேமிப்பு குறைந்துகொண்டே போகும். 1938-ல் வெளியான அமெரிக்காவின் அலபாமா மாநில ஆய்வு ஒன்றில், மூன்று வாரத்திற்கு மிகாத இடைவெளியில் இரண்டு பருவங்கள் தொடர்ந்து உழுத நிலத்தில் கோரை ஒழிந்தது. ஒருமுறை கொத்தினால் கோரை பெருகும். விடாமல் கொத்தினால் அழியும் என்பதே இதன் பாடம்.

முதல் வேலை: சித்திரையில் ஆழக் கொத்துதல்

திருச்சிப் பகுதியில் இதற்கு ஏற்ற காலம் சித்திரை மாதம். கிழங்குக்கும் வேர்த்தண்டுக்கும் பெரும்பகை காய்ச்சல். கத்திரி வெயில் அதை இலவசமாகச் செய்து தருகிறது.

கோரைக் கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணில் இருக்கும். சில இன்னும் ஆழத்திலும் கிடக்கும். எனவே 20 முதல் 30 செ.மீ. ஆழத்திற்குக் கொத்தி மண்ணைக் கட்டிகளாகப் புரட்டிப் போட வேண்டும். தண்ணீர் விடக் கூடாது. பத்து நாட்கள் காயவிட்ட பின் கட்டிகளை உடைத்து, கிழங்குகளையும் அருகின் வேர்த்தண்டுகளையும் பொறுக்க வேண்டும். மறுபடியும் புரட்டி, இன்னும் பத்து நாட்கள் காயவிட வேண்டும். நடுவில் கோடை மழை பெய்து முளை வந்தால் உடனே கொத்திவிட வேண்டும்.

இடம் ஒரு சென்ட்டிற்கு உட்பட்டதானால், கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் சல்லடையில் மேல்மண்ணைச் சலித்துவிடுவது நல்லது. தீவின் மண் பெரும்பாலும் மணற்பாங்கான வண்டல் ஆகையால் எளிதில் சலிக்கும். சல்லடையில் நிற்கும் கிழங்குகளைக் குப்பைக் குழியில் போடக் கூடாது. வெயிலில் சருகாகக் காயவைத்து எரித்துவிட வேண்டும்.

அருகு மண்டிய ஈர நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுவது கேடு விளைவிக்கும். அது வேர்த்தண்டைத் துண்டு துண்டாக்கி நிலமெங்கும் நட்டுவிடும். ஒரு கணு இருந்தால் போதும், அருகு முளைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வேலை: முளைக்க வைத்து அழித்தல்

கிழங்கைப் பொறுக்கியதும் புல்லை நட்டுவிடத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஏராளமாக உள்ளன. தண்ணீர் காட்டியதும் அவை புல்லோடு சேர்ந்து முளைக்கும். அவற்றை முன்னதாகவே முளைக்கச் செய்து அழிப்பதே சிறந்த முறை. நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டிக் களையை முளைக்கவிட்டு உழுது மடக்குவது உழவர்கள் அறிந்த பழக்கம். அதையே இங்கும் கையாள வேண்டும்.

சென்ட் ஒன்றுக்கு 200 கிலோ நன்கு மக்கிய தொழுவுரம் இட்டுக் கலந்து, புல் நடுவதற்குச் செய்வதுபோலவே நிலத்தைச் சமன் செய்ய வேண்டும். பின்னர்ப் பூவாளியால் தினமும் மாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வண்டல் மணல் விரைவில் காய்ந்துவிடும் என்பதால் ஒரு நாளும் தவறக் கூடாது. பத்துப் பதினைந்து நாட்களில் நிலம் பச்சையாகிவிடும். களைகள் இரண்டு மூன்று இலை விட்ட நிலையில், வெயில் உள்ள காலை நேரத்தில் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டி அங்கேயே காயவிட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிறு விதைகளில் பெரும்பாலானவை மேல் 5 செ.மீ. மண்ணிலிருந்தே முளைக்கும். ஆழத்தில் உள்ளவை வெளிச்சமும் காற்றும் கிடைக்காமல் உறங்கும். ஆகவே சுரண்டும்போது 2 அல்லது 3 செ.மீ. ஆழத்திற்கு மேல் போகக் கூடாது. ஆழக் கொத்தினால் உறங்கும் விதைகள் மேலே வந்து, செய்த வேலை வீணாகும். கோரை முளைத்த இடத்தில் மட்டும் கைக்கொத்தால் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும்.

இவ்வாறு குறைந்தது மூன்று முறை தண்ணீர் விட்டு முளைக்க வைத்து அழிக்க வேண்டும். முதல் முறை நிலம் முழுதும் பச்சையாகும். இரண்டாம் முறை அங்கங்கே முளைக்கும். மூன்றாம் முறை எண்ணிவிடும் அளவில் நின்றுவிட்டால் நிலம் தயார் என்று கொள்ளலாம். கோரை தொடர்ந்து வந்தால் நான்காவது, ஐந்தாவது முறையும் தேவைப்படும்.

வெயிலைச் சிறைப்பிடிக்கும் முறை

விதைக் களைகள் மிகுந்து, கோரை குறைவாக உள்ள இடங்களில் பாலிதீன் தாள் மூடாக்கு நல்ல பலன் தரும். 1976-ல் இஸ்ரேல் நாட்டின் காட்டன் முதலிய விஞ்ஞானிகள் இம்முறையை ஆய்ந்து வெளியிட்டனர். சமன் செய்த நிலத்தை நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ள தெளிவான பாலிதீன் தாளை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணில் புதைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், ஈரமண் சூடேறி மேல்மண்ணிலுள்ள விதைகளில் பெரும்பகுதி வெந்துவிடும். கறுப்புத் தாளைவிடத் தெளிவான தாளே மண்ணை அதிகம் சூடாக்கும்.

ஆனால் ஆழத்திலுள்ள கோரைக் கிழங்கு இதற்கு மசியாது. அதன் ஊசி முளை மெல்லிய தாளைத் துளைத்துக்கொண்டே வெளியே வரும். கோரை நிலத்திற்குத் தாளை மட்டும் நம்பக் கூடாது.

வெளியிலிருந்து வரும் களை

நான்கு மாதம் பாடுபட்டுச் சுத்தம் செய்த நிலத்தில், ஒரு வண்டி மண் கொட்டி எல்லாவற்றையும் பாழாக்குவோர் உண்டு. மனையை உயர்த்த அடிக்கும் மண்ணிலும், மக்காத சாணத்திலும், புல் பாயோடு ஒட்டி வரும் மண்ணிலும் களை வருகிறது. மாடு தின்ற பல விதைகள் சாணத்தில் உயிரோடு இருக்கும்.

மண்ணையோ உரத்தையோ வாங்குமுன் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரு சட்டி நிறைய அதை எடுத்து, ஈரம் காயாமல் மூன்று வாரம் வெயில்படும் இடத்தில் வைக்க வேண்டும். ஊசிபோல் பளபளக்கும் முளை ஒன்று வந்தாலும் அது கோரை. அந்த மண்ணை வேண்டாம் என்றுவிட வேண்டும். புல் பாய் வாங்குவோர் அதைப் புரட்டி அடிப்புறத்தில் கருநிறக் கிழங்கு உள்ளதா என்று பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

களைக்கொல்லி தேவையா?

களைக்கொல்லிகளில் கிழங்குவரை இறங்கிக் கோரையைத் தாக்குவது கிளைபோசேட். பச்சை இலையில் படும் மருந்து அடிவரை செல்கிறது. எனவே இலையை வெட்டிவிட்டுத் தெளிப்பதும், தெளித்த மறுநாளே கொத்துவதும் வீண். கலங்கல் நீரில் கலந்தாலும் பலனில்லை. மண் துகள்கள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஆற்றில் புது வெள்ளம் வரும்போது எடுத்த கலங்கல் தண்ணீரில் கலப்போர் ஏமாறுவது இதனால்தான். ஆடிக் காற்றில் தெளித்தால் பக்கத்து வீட்டு வாழையும் முருங்கையும் பாதிக்கப்படும்.

இம்மருந்தைப் பற்றிக் கருத்து வேறுபாடும் உண்டு. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என வகைப்படுத்தியது. சில நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. நம் நாட்டில் 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சி ஒழிப்புப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமே கிளைபோசேட்டைப் பயன்படுத்தலாம் என உத்தரவு வெளியிட்டது. ஆகவே இதை நாடுவோர் அப்போது நடப்பிலுள்ள விதியை வேளாண்மை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே செயல்பட வேண்டும்.

புல்தரையில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடி விளையாடுவார்கள். தீவின் மணற்பாங்கான நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே இறங்க அதிக நேரம் ஆகாது. கொள்ளிடப் படுகையின் நீரேற்றுக் கிணறுகளிலிருந்தும் திருச்சி நகரம் குடிநீர் பெறுகிறது. ஒன்றிரண்டு சென்ட் நிலத்திற்குக் களைக்கொத்தும் பொறுமையும் போதும் எனும்போது மருந்தை நாட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.

கல் உப்பைக் கரைத்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் உள்ளது. பார்த்தீனியம் மண்டிய தரிசு நிலங்களுக்கு உப்புக் கரைசல் சிபாரிசு செய்யப்படுவது உண்மையே. புல் நடப்போகும் இடத்தில் அதைச் செய்தால் மண் கெட்டுப் புல்லும் வளராது. நாவலூர் குட்டப்பட்டு, மணிகண்டம் பக்கம் களர்த்தன்மையுள்ள நிலங்களில் இருப்போர் முதலில் மண் பரிசோதனை செய்துகொள்வது நலம். களர் நிலத்தில் புல் சோர்ந்து நிற்கும். அந்த இடைவெளியில் களை நுழையும்.

மாத வாரியாக வேலைகள்

சித்திரை: ஆழக் கொத்திக் காயவிடுதல், கிழங்கு பொறுக்குதல்.
வைகாசி: இரண்டாம் முறை புரட்டுதல், உரமிட்டுச் சமன் செய்தல். தாள் மூடாக்கு செய்வோர் இவற்றைச் சித்திரையிலேயே முடித்து, வைகாசி கடைசிவரை மூடி வைக்கலாம்.
ஆனி: முதல் இரண்டு முறை முளைக்க வைத்துச் சுரண்டுதல்.
ஆடி: மூன்றாம் முறை. கோரை நின்றால் மீண்டும் ஒருமுறை.
ஆவணி: மண்ணைக் கிளறாமல் புல் நடுதல். ஐப்பசி மழைக்குள் புல் வேரூன்றிவிடும்.

நடும்போது 10 செ.மீ.க்கு ஒன்றாக நெருக்கி ஊன்ற வேண்டும். செலவைக் குறைக்க இடைவெளியை அதிகமாக்கினால் அந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். முதல் 60 நாட்களுக்கு வாரம் ஒருமுறை தரையைச் சுற்றி வந்து, தெரியும் களையை ஈரம் இருக்கும்போதே கிழங்கோடு எடுத்துவிட வேண்டும். முன்பே சுத்தம் செய்த நிலத்தில் இது கால் மணி நேர வேலைதான். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்திற்குச் செங்கல்லை நிறுத்தி வரம்பு கட்டினால், பக்கத்து மண்ணிலிருந்து அருகு படர்ந்து வருவதும் குறையும்.

தோட்டத்தின் எல்லா மூலையையும் இப்படித் துடைத்துவிட வேண்டியதில்லை. மேலூரில் 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பார்த்தவர்கள், நாம் களை என்று தள்ளும் செடிகளை நாடிப் பூச்சிகள் வருவதை அறிவர். ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது. வெட்டுக்காயப் பூண்டின் சிறு பூவிலும் அவை தேன் குடிக்கின்றன. கொல்லையில் ஒரு மூலையை அவற்றுக்கு விட்டுவைக்கலாம். ஆனால் பார்த்தீனியத்திற்கும் கோரைக்கும் அந்தச் சலுகை கூடாது.

இது குறித்து ஐயம் உள்ளவர்கள் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகி விளக்கம் பெறலாம். பிடுங்கிய களை ஒன்றைக் கிழங்கோடு எடுத்துச் சென்று காட்டினால், என்ன களை, எப்படி ஒழிப்பது என்று தெளிவாகக் கேட்டறிய முடியும்.

புல்தரை ஆண்டுதோறும் விதைத்து அறுக்கும் பயிர் அன்று. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்க வேண்டியது. அதற்காகச் சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதம் வாசல் வெறும் மண்ணாகக் கிடப்பதைப் பொறுத்துக்கொண்டால், பிறகு ஆண்டுக்கணக்கில் கோரை பிடுங்கும் வேலை மிச்சமாகும்.